புள்ளி வைத்த ரெண்டு ரூபாய்

"…புள்ளி இருக்குல்லா மதினி, நல்லாப் பாருங்க, வருசத்துக்குக் கீழ, கடுகுல பாதி கணக்கா. அந்தப் புள்ளிக்குத்தான் மூணு லட்சம். புள்ளி மட்டும் இல்லைன்னா இந்த ரெண்டு ரூவாய்க்கு ஒரு நல்ல முட்டாய் கூடத் தர மாட்டான்."

மில் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொன்னாள். மூணு லட்சத்தைக் கத்திச் சொல்லிவிட்டோமே என்று பிறகு ஞாபகம் வந்து, சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஒரு ஆடு நின்றது. அது யாரிடமும் சொல்லாது.

என் தம்பி பொண்டாட்டி அவள். புதூர்ப் பக்கம் ஒரு கிராமம். மாதத்துக்கு ஒரு தடவை மிளகாய் வத்தலையும் மல்லியையும் காயப்போட்டு, மூடையாகக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டியில் இருக்கிற என் மாவு மில்லுக்கு வருவாள். அவள் ஊரிலேயே மில் இருக்கிறது. "அங்கன அரைச்சா தூளு மட்டும் வருது. மதினி மில்லுல அரைச்சா பேச்சும் சேந்து வருது" என்பாள். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று கூடச் சொல்லலாம். தும்மிக்கொண்டே பேசுகிறவர்கள், தலையெல்லாம் வெள்ளையாக மாவு படிந்துபோய் ஊர் நியாயம் பேசுகிறவர்கள், இவர்கள் சொல்கிற ஒவ்வொன்றையும் நான் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு அவள் சொன்னதில் எதையும் முடிந்து வைக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அவள் என் கையில் காசை வைத்துவிட்டு, அது சுற்றியிருந்த துணியைத் தன் இடது கையில் மடக்கி மறைத்தாள். மறைத்தது சரியாக மறையவில்லை. மஞ்சள் துணி.

எந்தக் காசு வந்தாலும் முதலில் வருசத்தைப் பார்க்கிறவள் நான். அன்றைக்குப் புள்ளியைப் பார்த்தேன், உடனே துணியைப் பார்த்தேன். வருசத்தைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, இது எந்தத் துணி?"

துணியை இன்னும் இறுக்கி மடக்கினாள்.

"ஒன்னையத்தான் கேக்கேன். நேர்ச்சைத் துணியா?"

"வெறுந் துணிதான மதினி. மறுபடி முடிஞ்சுக்கிட்டாப் போச்சு" என்றாள்.

கல்லில் ஒரு மூடை உளுந்து காத்துக் கிடந்தது. அதை விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தினேன். பெல்ட் ஓடி ஓடி மெதுவாக அடங்கியது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால், ஒரு காசை எடுத்து மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் முடிந்து, அம்மன் படத்து ஆணியில் மாட்டிவிடுவோம். எந்தக் காசு கையில் வருகிறதோ அந்தக் காசு. காரியம் நடந்தபிறகு முடிச்சோடு கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். நடுவில் அவிழ்க்கக் கூடாது. அவசரத்துக்கு எடுத்துவிட்டு வேறே காசு வைப்போம் என்கிற பேச்சே கிடையாது. பசியோடு இருந்தவர்கள் வீட்டிலும் அந்த ஆணியில் கிடந்த காசு கிடந்தபடிதான் கிடந்திருக்கிறது.

என் தம்பி வெளி மாநிலத்தில் கட்டட வேலைக்குப் போனவன். மழை பெய்யாத வருசம் புதூர்ப் பக்கம் ஆம்பிளைகள் இருக்க மாட்டார்கள். சாரத்தில் இருந்து விழுந்து வலது கால் தொடையில் முறிந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போன மேஸ்திரி ரயிலில் ஏற்றிவிட்டதோடு சரி, அதற்குப் பிறகு அவன் போன் இன்றுவரைக்கும் அணைத்தே கிடக்கிறது. இங்கே வந்தபிறகுதான் காலில் கம்பி வைத்தார்கள். ஸ்டேசனில் ஸ்ட்ரெச்சரில் இறக்கின அன்றைக்கு இவள் முடிந்து மாட்டியதுதான் அந்தக் காசு. "அவிய காலை ஊணி நடந்து வந்து, அவிய கையாலயே உண்டியல்ல போடணும் தாயி" என்று வேண்டிக்கொண்டு முடிந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். தம்பி இன்னும் நடக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துவிட்டு வந்து நிற்கிறாள்.

"என்னத்துக்குட்டி அவுத்த? கொலைப் பட்டினியா கெடந்த?"

"சீழ் புடிச்சிருச்சு மதினி" என்றாள். "கம்பி வச்ச எடத்துல. மறுபடி கிழிச்சு எடுத்துட்டு வேற வைக்கணுமாம். மதுரைக்குத்தான் கொண்டு போகச் சொல்லுதாக. ஒங்க தம்பி பகல் பூரா போனைப் பாத்துக்கிட்டே கெடக்காரு. அதுல ஒருத்தன் வந்து சொல்லுதான், ரெண்டு வெரல் காட்டுற ரெண்டு ரூவாய்ல புள்ளி இருந்தா மூணு லட்சம்னு. எனக்கு நெஞ்சு தூக்கிப் போட்டுச்சு. நான் முடிஞ்சது ரெண்டு வெரல்தான, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவிய ஒறங்குன நேரத்துல அவுத்துப் பாத்தேன். புள்ளி இருக்கு மதினி! அம்மனே கொடுத்த மாதிரி இருக்கு."

அந்த வீடியோவில் இருந்த நம்பருக்குப் பேசியிருக்கிறாள். பதிவுக் கட்டணம் கட்டினால் மறுநாளே ஆள் வந்து காசை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவானாம். கட்டணத்துக்கு அவளிடம் என்ன இருக்கிறது? காதைப் பார்த்தேன். கம்மல் இருந்தது. ஆனால் திருகு தளர்ந்திருந்தது, கழற்றிக் கழற்றிப் பார்த்த மாதிரி. அடகுக் கடை என் மில்லில் இருந்து நாலு கடை தள்ளித்தான். வத்தல் அரைக்க மட்டும் அவள் அன்றைக்கு வரவில்லை.

நான் காசு பார்க்கக் கற்றுக்கொண்டது படித்தோ யாரிடமும் கேட்டோ இல்லை, கோபத்தில்தான். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று இந்த ஊர் முழுக்க ஒரு பேச்சுக் கிளம்பியது ஞாபகம் இருக்கும். ஓரத்தில் கோடு பத்து இருந்தால் நல்ல காசு, பதினைந்து இருந்தால் கள்ளக் காசு என்று ஒருத்தன் கிளப்பிவிட்டான். பஸ்ஸில் வாங்கவில்லை, காய்கறிக் கடையில் வாங்கவில்லை. கம்பு அரைக்க வந்த ஒரு அம்மா, "ஏத்தா, நம்மூர்ல காசு செல்லாதுன்னு சொல்ல கவருமெண்டு வேண்டாம், ஒரு டீக்கடை போதும்" என்றது. அந்தக் கோபத்தில் நான் எல்லோரிடமும் வாங்கினேன். வாங்கி வாங்கி, மாவைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். பத்துக் கோடும் காசுதான், பதினைந்து கோடும் காசுதான், அச்சுத்தான் வேறே.

அப்போதுதான் வருசத்துக்குக் கீழே இருக்கிற சின்னச் சின்னக் குறிகளும் கண்ணில் பட்டன. கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணிடம் கேட்டதற்குத் தன் போனில் தேடிச் சொன்னாள். புள்ளி என்றால் நொய்டாவில் அடித்தது. டைமண்டு என்றால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஐதராபாத். ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக இருந்தால் கல்கத்தா. எந்த ஆலையில் அடித்தான் என்கிற அடையாளம், அவ்வளவுதான். நட்சத்திரத்தில் மாவு அடைத்துக்கொண்டால் புள்ளி மாதிரியே தெரியும், ஊக்கால் நோண்டித்தான் பார்க்க வேண்டும். அது எனக்கு ஒரு விளையாட்டாகிப் போனது. நாலு டப்பா வைத்து, கரண்ட் இல்லாத நேரம் பிரித்துப் போடுவேன். வருகிறவர்கள் சிரிப்பார்கள். "மில்லுக்காரி காசுக்குச் சாதி பிரிக்கா" என்று ஒருத்தி சொன்னாள். அதையும் முடிந்து வைத்திருக்கிறேன்.

இத்தனையையும் அன்றைக்கு அவளிடம் சொன்னேன். பொறுமையாகச் சொன்னேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடிக்கும்போது எனக்கே என் சத்தம் காதை அடைத்தது.

அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு இவ்வளவு தெரியும்லா மதினி? தெரிஞ்சும் ஏன் இதுவரைக்கும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"நீங்க டப்பா டப்பாவா சேக்கீக. சும்மா வெளையாட்டுக்கா சேப்பாக? எங்கிட்ட இருக்கது ஒண்ணே ஒண்ணு. அதுவும் பொறுக்கலையா ஒங்களுக்கு?"

அந்தப் பேச்சைக் கேட்டபிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் மடியில் இருந்த போனைப் பறித்தேன். "அவன் நம்பர் எது? காட்டு. காட்டுட்டி!" அவள் காட்டினாள். ஸ்பீக்கரில் போட்டேன். ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். மேஸ்திரி எடுக்காத போனையெல்லாம் சேர்த்து இவன் எடுக்கிற மாதிரி.

"வணக்கம் மேடம்! பேமெண்ட் போட்டுட்டீங்களா?"

"நான் அவ நாத்தனா பேசுதேன். எங்கிட்டயும் ரெண்டு வெரல் ரெண்டு ரூவா இருக்கு. ஆனா புள்ளி இல்ல. டைமண்டு."

"டைமண்டா? அது இன்னும் ரேர் மேடம். நாலு லட்சம் வரும்."

"நச்சத்திரம் இருந்தா?"

"நாலரை மேடம்."

"ஒண்ணுமே இல்லாம மொட்டையா இருந்தா?"

கொஞ்சம் யோசித்தான். "அதெல்லாம் கிடைக்கவே கிடைக்காது மேடம். அஞ்சு லட்சம்."

"நாட்டுல காசு அடிக்கிற எடமே நாலுதானய்யா! நாலையும் சொல்லிட்டேன். இனி எந்தக் காசுக்குத்தான் ரெண்டு ரூவா வெலை?"

அவன் அசரவில்லை. "நாலு டைப்பும் வச்சிருக்கீங்களா மேடம்? அப்ப ஒரே ரெஜிஸ்டிரேசனா போட்டுரலாம். உங்களுக்கு டிஸ்கவுண்ட் உண்டு."

அதற்கு மேல் நான் பேசியதை எழுத முடியாது. கம்பு அரைக்க வருகிற அந்த அம்மா கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருக்கும். அவன் வைத்துவிட்டான். நாடு முழுக்க இப்படி எத்தனை பொம்பளைகள் எந்த ஆணியில் தொங்குகிற முடிச்சை அவிழ்த்திருப்பார்கள், எத்தனை கம்மல் கழன்றிருக்கும் என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. இவனுக்குக் கால் நல்லாத்தானே இருக்கும்? எங்கேயோ ஒரு ரூமில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துதானே இதைப் பேசியிருப்பான்?

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஆசை அவ்வளவு லேசில் விடுமா? "அவன் கள்ளனாவே இருக்கட்டும் மதினி. காசு கள்ளக் காசா? நல்ல காசுதான? அவன் வாங்காட்டி என்ன, வாங்குதவன் எவனாவது இருப்பான்லா?"

பேசிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. புள்ளி டப்பாவை எடுத்தேன். மாவு சலிக்கிற மேசையில் கவிழ்த்தேன். ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய், எல்லாம் புள்ளிக் காசு, கலகலவென்று விழுந்து பரவியது.

"பாரு! எல்லாம் புள்ளி. ரெண்டு வெரலை மட்டும் பாரு, எத்தன கெடக்கு! வத்தல் அரைச்ச காசு, மல்லி அரைச்ச காசு. இதெல்லாம் லட்சம்னா நான் ஏன் இங்கன நின்னு தும்மிக்கிட்டுக் கெடக்கேன்?"

அவள் கண் ஒவ்வொரு காசாகப் போனது. முகம் சிவந்தது. தோற்றுப்போனவர்களுக்கு வருகிற சிவப்பு. என் கையில் இருந்த தன் காசைப் பிடுங்கினாள். "அப்ப எதுக்கு எங்காசு மட்டும் தனியாக் கெடக்கணும்? இந்தா! எது ஒசத்தின்னு ஒங்க வாயாலயே சொல்லுங்க!" என்று குவியலில் எறிந்தாள். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது.

"எல்லாம் ஒண்ணுதாண்டி கிறுக்கி! ஒண்ணுதான்!" என்று நான் ரெண்டு கையாலும் குவியலை அளைந்தேன்.

அளைந்த கை நின்றுவிட்டது. அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். மில் நின்றுபோயிருந்ததால், வெளியே ஆடு இருமுவது கூடக் கேட்டது.

"மதினி," என்றாள், "எங்காசு எங்க?"

ரெண்டு விரல் காட்டுகிறதை மட்டும் ஒதுக்கினேன். ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தது. எல்லாவற்றிலும் புள்ளி.

"மஞ்சள் கறை இருக்கும் மதினி. நான் நல்லாக் குழைச்சுத்தான் தோச்சேன்."

புரட்டினேன். எல்லாவற்றிலும் மஞ்சள். மசால் அரைக்கிற மில்லில் மஞ்சள் படியாத காசு ஏது? என் நகக்கண்ணே மஞ்சள். மோந்து பார்த்தாள் அவள். ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து மோந்தாள். எல்லாம் மஞ்சளும் வத்தலும்தான் மணத்தது. தும்மினாள்.

"வருசம் என்ன?" என்றேன்.

"வருசத்தை யாரு பாத்தா? புள்ளியத்தான பாக்கச் சொன்னான்."

"போட்டோ! அவனுக்குப் போட்டோ அனுப்பியிருப்பியே!"

அனுப்பியிருந்தாள். போனை வாங்கி விரித்துப் பார்த்தேன். கரண்ட் விளக்குக்குக் கீழே பிடித்து எடுத்திருக்கிறாள். காசு முழுக்க வெளிச்சம் அடித்து வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. விரல் தெரிந்தது, விரலும் அவளுடைய விரல். வருசமும் இல்லை, புள்ளியும் இல்லை.

"இந்தப் படத்தைப் பாத்துட்டா மூணு லட்சம்னான்?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவள் அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் பேச்சையும் என் பேச்சையும் தாங்கிக்கொண்டு நின்றவளுக்கு, அந்தப் படம்தான் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

எனக்கு இப்போது யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. அவன் மேல் பாதி, மேஸ்திரி மேல் பாதி. பகலெல்லாம் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற தம்பி மேலும் ஒரு பங்கு. மிச்சம் எல்லாம் இந்தக் குவியல் மேல். ஒன்றுக்கொன்று வேறே வேறே என்று நான் இத்தனை நாள் பிரித்துப் பிரித்துச் சேர்த்த காசு, என் முன்னால் ஒரே முகத்தோடு கிடந்தது. நொய்டா என்று சொல்லத் தெரிந்த எனக்கு, தம்பி காலுக்கு முடிந்த காசு எது என்று சொல்லத் தெரியவில்லை. ஊக்கை எடுத்து ஓரத்தில் ஒட்டின மஞ்சளை நோண்டினேன். எதிலாவது துணி நூல் ஒட்டியிருக்காதா என்று நோண்டினேன். உளுந்து மாவுதான் வந்தது.

"வேற ஒண்ணை எடுத்து முடிஞ்சுக்கோட்டி. அம்மனுக்குத் தெரியாதா?" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆறுதலாக வரவில்லை.

"அம்மனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுல்லா" என்றாள்.

போன் அடித்தது. அவன்தான். திரையில் அந்த நம்பர் மினுக்கிக்கொண்டு மேசை மாவில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. எடுத்து ஏதாவது கேட்போம் என்று நான் கையை நீட்டினேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். இடது கையில் மடக்கி வைத்திருந்த மஞ்சள் துணியை மேசையில் விரித்தாள். கசங்கிக் கிடந்ததை உள்ளங்கையால் நீவினாள். ஒதுக்கி வைத்திருந்த ரெண்டு விரல் காசு அத்தனையையும், ஒன்று விடாமல், ரெண்டு கையாலும் வாரி அந்தத் துணிக்குள் போட்டாள். உருண்டு ஓடின ஒன்றைக் கல்லுக்கு அடியில் குனிந்து எடுத்து, ஊதி, அதையும் போட்டாள்.

"அவிய நடந்து வந்து எல்லாத்தையும் போடட்டும். அதுல ஒண்ணு எங்காசு" என்றாள்.

ஒரு காசுக்குக் கிழித்த துணி. நாலு முனையும் எட்டவில்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்றதைச் சுற்றி இழுத்து, போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கும் வரைக்கும் இழுத்து, முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள். பிறகு ரெண்டு காதுக்கும் கையைக் கொண்டுபோய்த் தளர்ந்திருந்த கம்மல் திருகை இறுக்கித் திருகிவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லி வத்தல் மூடையின் கட்டை அவிழ்த்தாள்.